கோப்பாய் என்று படிக்கத் தெரியாத தபால்காரன் எழுதும் மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள் இருவருக்கும் வணக்கம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவது முறைதானா என்று தெரியவில்லை. நான் தபால் வேலைக்குச் சேர்ந்த 1980-இல் இது ஒரே மாவட்டம். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரியைத் தனியாகப் பிரித்தார்கள். நான் சொல்ல வந்த சங்கதி அதற்கு முந்தியது. யார் மேஜைக்குப் போகவேண்டிய காகிதம் இது என்று யோசித்து யோசித்து ஆறு மாதம் போய்விட்டது, அதனால் இருவருக்குமே எழுதிவிட்டேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிளைத் தபால் ஆபீசில் நாற்பது வருசத்துக்கு மேல் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன். அப்போது எங்களை ஈ.டி., அதாவது இலாகாவில் சேராத ஊழியர், என்பார்கள். பிறகு கிராமிய டாக் சேவக் என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியது, பென்ஷன் மட்டும் வரவில்லை. சரி, அதற்கு வேறு இடத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.

இந்த மடல் போரைப் பற்றியது. எங்கள் பக்கம் போர் என்றால் முதலில் போர்வெல்தான் ஞாபகம் வரும். "எத்தனை அடி போட்டே? தண்ணி வந்துச்சா, புகைதானா?" என்பதுதான் இங்கே போர்ச் செய்தி. மற்ற போர் எல்லாம் டிவியில் வருவது, எல்லையில் நடப்பது. அப்படித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தப் போரும் எங்கள் ஊருக்கு வந்தது. காலை பத்து மணி லைன் பஸ்ஸில், அரக்கு முத்திரை வைத்த சாக்குப் பையில் வந்து இறங்கியது. பையை அவிழ்த்து மேஜையில் கொட்டினால் 56 ஏ.பி.ஓ. என்று போட்ட பட்டாளத்துக் கடிதம் ஒன்றிரண்டு இருக்கும். 1990-க்குப் பிறகு அதே குவியலில் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் அணைக்கட்டு ஓரத்து இலங்கை அகதிகள் முகாமுக்கு வரும் நீலக் கடிதங்களும் கிடக்கும். இரண்டையும் ஒரே சைக்கிளில், ஒரே பையில் வைத்துத்தான் கொண்டுபோனேன். உங்கள் அலுவலகங்களில் இந்த இரண்டும் இன்றுவரை ஒன்றையொன்று பார்த்ததில்லை. என் குறையே அதுதான்.

1987-லிருந்து தொடங்குகிறேன். அந்த வருசம் ஜூலை 29-ஆம் தேதி இலங்கையோடு ஒப்பந்தம் போட்டு, அமைதிப் படை என்று நம் பட்டாளத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். என் லைனில் இருந்த ஒரு அம்மாவின் ஒரே மகனும் அதில் போனான். கல்யாணம் ஆகாதவன். அப்பா இல்லை, மானாவாரி நிலம் ஒன்றரை ஏக்கர். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கடிதம் வந்தால் நான்தான் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொல்வேன். ஆகஸ்ட்டில் ஒரு கடிதம் வந்தது. "இங்கேயும் எல்லாரும் நம்ம பாஷைதான் பேசுறாங்க அம்மா. மாலை போட்டாங்க. கடைக்காரர் சோடாவுக்குக் காசு வாங்கல." அந்த அம்மா அந்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். காசு வாங்காத கடைக்காரர் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனார்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அங்கே நம் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் ஊத்தங்கரையிலிருந்து தந்தி வந்தது. தந்தி என்றாலே எங்கள் ஊரில் தெரு முழுக்க அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வரி. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்தான் படிப்பு, ஆனால் அந்த இரண்டு வரிக்கு அது போதுமானதாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, "சைக்கிளை ஸ்டாண்டு போடும்போதே தெரிஞ்சிடிச்சி கண்ணு, நீ இந்நேரத்துக்கு வரமாட்டியே" என்றார்.

உடல் வரவில்லை. அந்தக் காலத்தில் போரில் இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை, 1999 கார்கில் சண்டையில்தான் அது வழக்கமானது. வந்தது ஒரு கடிதம். பின்னால் ஒரு கருப்பு டிரங்குப் பெட்டியும் வந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்ட்டில் பெயரும் நம்பரும் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு செட் துணி, சவர டப்பா, பாதி தீர்ந்த தேங்காயெண்ணெய் பாட்டில். எண்ணெய் குளிரில் உறைந்து, இங்கே வந்து மறுபடி உருகியிருக்கிறது போல, துணியெல்லாம் எண்ணெய்க் கறை. அந்த அம்மா கடைசிவரை அந்தத் துணியைத் துவைக்கவே இல்லை.

கடிதம் அவன் மேலதிகாரி எழுதியது, தட்டச்சில் ஒரு பக்கம். எந்தத் தேதியில், எந்த ஊரில் இறந்தான் என்று இருந்தது. ஊர்ப் பெயரை நான் எழுத்துக் கூட்டி "கோபே" என்று படித்தேன். அதன்பின் நாலு வருசத்துக்கு மேல் அந்த அம்மா யாரைப் பார்த்தாலும் "எம்மவன் கோபேல செத்தான்" என்றுதான் சொன்னார். கேட்டவர்களும் அப்படி ஒரு ஊர் இருக்கும் என்று தலையாட்டினார்கள்.

1990-இல் இன்னொரு பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அமைதிப் படை அந்த வருசம் மார்ச் 24-இல் முழுதாகத் திரும்பியது. ஜூனில் அங்கே மறுபடி சண்டை. படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். நம் பக்கத்தில் பாம்பாறு, வாணியாறு, கேசர்குளி, தும்பல அள்ளி என்று அணையின் பெயரைச் சொன்னாலே முகாம் என்று ஜனங்களுக்குப் புரியும்படி ஆகிவிட்டது. கடலோரத்து ஜனத்தைக் கொண்டுவந்து தண்ணீர் வற்றிய அணையின் ஓரத்தில் குடிவைத்தார்கள்.

இப்போது அந்த டீக்கடையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1990 ஏப்ரலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இலங்கையிலிருந்து திரும்பினார். அப்போது நாயக், பிறகு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவர் படைப்பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் சாலைச் சோதனையில் பேசுவதற்கு இவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். துப்பாக்கியைவிட வாய்க்குத்தான் வேலை என்பார். ஒரு கிழவி பையைத் திறந்து காட்டிவிட்டு, "தம்பி, நீங்களும் தமிழோ?" என்று கேட்டதாகவும், அதற்கு என்ன பதில் சொன்னோம் என்பதே மறந்துபோனதாகவும் ஒருமுறை சொன்னார். அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவர் காரணம் சொன்னார், அன்றைக்குத் தமிழ்நாட்டில் நிறையப் பேருக்கு அது சரியென்றே பட்டது. எனக்கும்தான். நம் ஆள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னையிலிருந்து ஊருக்கு வந்த மறுநாள் டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் இருந்த ஒருவர், சிரித்துக்கொண்டேதான், "என்ன மாமா, எத்தினி தமிழன சுட்டே?" என்று கேட்டார். இவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு, காசை மட்டும் எண்ணி வைத்துவிட்டு வந்துவிட்டார். அதன்பிறகு அவர் ஊரில் எங்கும் இலங்கைப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வருசம் மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதே டீக்கடையில், அதே பெஞ்சில், முகாமிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு டீ கொடுக்க மறுத்தார்கள். "உங்களாலதான்டா" என்றார்கள். அவர் முந்தின ஐப்பசியில் வந்தவர், அதுவரை கடைக்காரரோடு வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசியிருக்கமாட்டார்.

போர் சிப்பாயை மாற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஹவில்தார் இன்றைக்கும் எந்த வீட்டு கேட்டையும் கையால் தள்ளமாட்டார், குச்சியால் தள்ளிவிட்டு ஒரு நொடி நிற்பார். கண்ணிவெடிக்குப் பழகிய உடம்பு. ஓசூரில் ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு இருந்தபோதும் அப்படித்தான், அங்கிருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் துப்பாக்கிச் சத்தமே கேட்காத எங்கள் டீக்கடையையும் அது மாற்றியது. பதினாலு மாதத்துக்குள் ஒரே பெஞ்சு, அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கத்து ஆள் இரண்டு பேரையும் விரட்டியது. அந்தப் பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறையும் எழுந்து எதுவும் சொல்லவில்லை. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி அந்த அம்மாவுக்கு வருகிறேன். 1992 தை மாதம். பொங்கல் கழிந்த வாரம். மகன் பென்ஷன் மணியார்டர் வந்திருக்கிறதா என்று கேட்க ஆபீசுக்கே வந்திருந்தார். முகாமிலிருந்து ஒரு பெண்மணியும் வந்திருந்தார், ஐம்பது வயது இருக்கும், ஏர் மெயில் கவர் வாங்க வந்தவர். ஊரில் அப்போது முகாம்காரர்களோடு யாரும் பேசுவதில்லை. அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அந்த நாட்டுப் பொம்பளையா?"

"ஓமம்மா."

"கோபே தெரியுமா? எம்மவன் அங்கதான் செத்தான். பட்டாளத்துல இருந்தான்."

ஆபீசில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். நான் ஸ்டாம்பு குத்துவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்மணிக்கு ஊர்ப் பெயர் பிடிபடவில்லை. அந்த அம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் வைத்தது. பெண்மணி வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது அந்த நிதானத்திலேயே தெரிந்தது.

"இது கோபே இல்லையம்மா. கோப்பாய்." அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "எங்கட ஊருக்குக் கிட்டத்தான்."

"எப்படி இருக்கும் அந்த ஊரு?"

"சிவப்பு மண். புகையிலை போடுவினம், வெங்காயம் போடுவினம். பனை நிக்கும்."

"நம்ம செம்மண்ணு மாதிரியா?"

"அதைவிடச் சிவப்பம்மா."

"தண்ணி?"

"கிணத்துத் தண்ணி. நல்ல தண்ணி. ஆழமில்லை, துலா வச்சு அள்ளுவம்." துலா என்றால் நம் ஏற்றம்.

"நம்ம பக்கம் எரநூறு அடி போனாலும் புகைதான் வருது," என்றார் அந்த அம்மா. பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண்மணி என்னிடம் பென்சில் கேட்டு வாங்கி, கடிதத்தின் பின்பக்கம் ஏதோ எழுதி, மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு மாதாமாதம் பென்ஷன் வாரத்தில் இரண்டு பேரும் ஆபீஸ் வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த அம்மா மாங்காயோ ராகி மாவோ கொண்டுவருவார். ராகிக் களியை எப்படி விழுங்குவது என்று அந்தப் பெண்மணி கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. மெல்லுவார், அதைப் பார்த்து இந்த அம்மா சிரிப்பார். மகன் செத்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

நான் பத்து வருசம் கழித்துத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று இருக்கிறது. 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்தது. அன்றும் மறுநாளுமாக நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தப் பெண்மணியின் தம்பி அங்கே வேலை செய்தவர். அவரும் அதில் போனார். இதை என்னிடம் சொன்னபோது நான் கேட்டேன், அந்த அம்மாவிடம் இதைச் சொன்னதே இல்லையா என்று.

"அண்டைக்குக் கடிதத்தில திகதி பார்த்தனான், அண்ணை," என்றார். "அவவின்ர மகன் தீபாவளிக்கு முதலே செத்திட்டார். அவரில்லை."

கடிதத்தை ஏன் அவ்வளவு நிதானமாகப் படித்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டு பேரும் இப்போது இங்கே இல்லை. அந்த அம்மா காலமாகிவிட்டார். பெண்மணி, அங்கே சண்டை 2009 மே மாதம் முடிந்து சில வருசம் கழித்து ஊர் திரும்பினார். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு கடிதம் போட்டார். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவர்கள் இல்லாததால்தான் நான் இதைச் சொல்லத் துணிந்தேன்.

ஐயா, அம்மா, இந்தச் சங்கதி அரசாங்கத்தில் எங்கே இருக்கிறது? சிப்பாயின் பெயர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கோப்பில் இருக்கும். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்துச் சுவரிலும் இருக்கும். கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் அமைதிப் படைக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, அதுவும் சரி. முகாம்காரர்களின் பெயர் மறுவாழ்வுத் துறையில் வேறொரு கோப்பில், குடும்ப அட்டை எண்ணோடு இருக்கும். 2021-இல் அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், 7,469 வீடு கட்டித் தருவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம், பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் புளியமரத்தடியில் இருந்த அந்த இரண்டு பேர் எந்தக் கோப்பிலும் இல்லை. அந்த அம்மா ஒருமுறை ஏதோ சான்றுக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனபோது, இறந்த இடம் என்ற கட்டத்தில் "ஸ்ரீலங்கா" என்று எழுதினார்களாம். "கோப்பாய்னு எழுதுங்க சாமி" என்று சொல்லியிருக்கிறார். கட்டம் சின்னது என்றார்களாம்.

நம் ஊர் இதில் ஒருகாலத்தில் கெட்டியாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டில் நடுகல் நிறைந்த பூமி நம்முடையது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு, எந்த அரசன் காலத்தில், யார் கவர்ந்த தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப்போய், எப்படிப் பட்டான் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். "தொறு மீட்டுப் பட்டான்" என்று மூன்று சொல்லில் ஒரு ஆளின் கதை முடிந்துவிடுகிறது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுக் கல் ஒன்றில், எசமான் விழுந்தபிறகு இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்துநின்ற நாயின் பெயரே இருக்கிறது: கோவிவன். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறார்கள், நான் 1987-இல் ஒரு ஊரின் பெயரைத் தப்பாகப் படித்தேன்.

அந்தக் கற்களைத்தான் நாம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். என் லைனில் ஒரு வேடியப்பன் கல் உண்டு, இருபது வருசம் அதன்மேல்தான் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். ஒருநாள் ஒரு கல்லூரி ஆசிரியர் வந்து மாவு தடவிப் படித்துக் காட்டினார். அது ஒரு ஆள் செத்த கதை என்று தெரிந்தபிறகு சைக்கிளை வேறு மரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

மற்றப் போர்களையும் விட்டுவிடக்கூடாது. 1939-லிருந்து 45 வரை நடந்த சண்டைக்கு இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் போனார்கள், 87,000 பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் ஒருவர் எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பர்மாவில் இருந்தவர். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சர்வீஸ் போதாது என்று பென்ஷன் இல்லை. அவருடைய மெடல்கள் பிஸ்கட் டப்பாவில் பால்ஸ் குண்டுகளோடு கிடந்தன. அவர் மனைவிக்கு அந்தப் போர் என்றால் அரிசி கிடைக்காத போர், 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபின் பர்மா அரிசி வரவில்லை. "அவரு பர்மாவுல சோறு தின்னாரு, நான் இங்க கம்பங்கூழ் குடிச்சேன்" என்று அந்தக் கிழவி எழுபது வயதிலும் சண்டைக்கு நிற்பார்.

நம் தருமபுரி மாவட்டமே ஒரு போரின் வாசலில் பிறந்ததுதான். பாகிஸ்தானோடு சண்டை நின்றது 1965 செப்டம்பர் 23, மாவட்டம் உருவானது அக்டோபர் 2. சாஸ்திரி அந்தச் சமயத்தில் வாரம் ஒருவேளை, திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னார். என் அப்பா சொல்வார்: "நாங்க திங்கட்கிழமை மட்டுமா விட்டோம்?"

இன்னொரு வீட்டைச் சொல்லி நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் மடல் முடியாது. காஷ்மீரில் இறந்த ஒருவரின் மனைவி, வயது பத்தொன்பது. வீரப் பதக்கத்தோடு வரும் படித்தொகை, விதவை மறுமணம் செய்தால் நின்றுவிடும், கணவரின் உடன்பிறந்தவரைக் கட்டினால் மட்டும் தொடரும் என்று ஒரு விதி இருந்தது. 2017-இல்தான் அதை எடுத்தார்கள். அந்த வீட்டில் பதக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்படி ஒரு விதி இருக்கிறதாம் என்ற பேச்சு போதுமானதாக இருந்தது. பணம் வீட்டைவிட்டுப் போய்விடும் என்று, அவளைவிட மூன்று வயது சின்னவனான கொழுந்தனுக்கே கட்டிவைத்தார்கள். மணியார்டரை அவள் கையில்தான் கொடுப்பேன். நான் தெருத் திரும்புவதற்குள் அது மாமனார் கைக்குப் போய்விடும். கையெழுத்து வாங்குவதோடு என் வேலை முடிந்தது.

சரி, என்ன செய்யவேண்டும் என்கிறேன்? ஒரு ரெஜிஸ்டர் போடுங்கள். ஊர்வாரியாக, முகாம்வாரியாக, ஆனால் ஒரே ரெஜிஸ்டர். பட்டாளத்துக்குப் போனவர் யார், எந்தச் சண்டை, எந்த ஊர், வீட்டுக்குத் திரும்பி வந்தது என்ன, ஆளா, பெட்டியா, வெறும் கடிதமா. முகாமில் இருப்பவர் எந்த ஊரை விட்டு வந்தார், எப்போது, யாரை அங்கே விட்டுவிட்டு. வீட்டில் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்பதையும் தனியாக எழுதுங்கள், ஆண்களைக் கேட்டு அல்ல. புள்ளிவிவரமாக வேண்டாம், அவரவர் வாயால் சொன்னதை அப்படியே பதிவு செய்யவேண்டும். ஊர் நூலகர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள் போதும். எங்களைப் போன்ற பழைய தபால்காரர்களைக் கூட்டிக்கொண்டால் எந்த வீட்டில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று காட்டுவோம். சீக்கிரம் செய்யவேண்டும். பரணைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு போகிக்கும் கொஞ்சம் கடிதம் போய்க்கொண்டே இருக்கிறது.

முகாமுக்குப் போகும்போது போலீஸோடு போகாதீர்கள். அங்கே யாராவது நோட்டோடு வந்தால் செக்கிங் என்றுதான் நினைப்பார்கள், கேட்டதற்கு மேல் ஒரு சொல் வராது. இந்த நோட்டுக்கும் உதவித்தொகைக்கும் சம்பந்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஹவில்தார்களிடமும் அப்படித்தான், மேடையில் சால்வை போட்டுப் பேசச் சொன்னால் அவர்கள் அணிவகுப்பு பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள். கொடிநாளன்று உண்டியலில் முதல் காசு நீங்கள்தான் போடுகிறீர்கள், பேப்பரில் படம் வருகிறது. அந்தப் படம் எடுத்த கையோடு, காமிரா போனபிறகு, ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார முடியுமானால் நிறைய கிடைக்கும்.

எழுதியதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களோடும், ஒன்றைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் வையுங்கள். அச்சுக்குப் போகும்முன் ஊர்ப் பெயர்களை மட்டும் முகாமில் யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கே படித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், நம்மைவிட நன்றாக "இன்னாண்ணா" என்று பேசுகிற பிள்ளைகள், கையில் முகாம் அட்டை மட்டும் உள்ளவர்கள்.

அப்படி ஒரு பையனைத் தினமும் காலை நடைப்பயிற்சியில் பார்க்கிறேன். ஐந்தரை மணிக்கு பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் எங்கள் ஊர்ப் பையன்கள் அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கு ஓடிப் பழகுகிறார்கள். ஆயிரத்து அறுநூறு மீட்டர். மழை இல்லை, மாங்கூழ் ஆலை வேலை வருசத்தில் மூன்று மாதம், பெங்களூரு போனால் வாடகைக்கே சரி, நாலு வருசம்தான் என்றாலும் பட்டாளம் பரவாயில்லை என்கிறார்கள். முகாம் பையனும் அவர்களோடு ஓடுகிறான், பல நாள் முதலில் வருவதும் அவன்தான். அவனிடம் ஒருநாள் கேட்டேன், உன்னை எடுக்கமாட்டார்களே, நீ ஏன் ஓடுகிறாய் என்று. "டைம் பார்க்க ஒரு ஆள் வேணும்ல தாத்தா" என்று போனைக் காட்டினான். அவன் போனில்தான் நல்ல ஸ்டாப் வாட்ச் இருக்கிறதாம்.

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளன்று கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்துக்கு நேரில் வருகிறேன். தருமபுரிக்கு அதற்கடுத்த திங்கள். கூட்டம் அதிகம் இருக்கும், பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் வந்தவர்கள் முன்னால் போகட்டும், நான் காத்திருக்கிறேன். அந்த மேலதிகாரியின் கடிதம் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த அம்மா போனபின் அவர் தங்கை மகள் கொடுத்தது. மடிப்பெல்லாம் கிழிந்து நாலு துண்டாகிவிட்டது, செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்கும்போது பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். பென்சில் எழுத்து மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். "கோப்பாய்" என்று எழுதி, அதன் கீழே ஒரு கிணறும் துலாவும் போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராமத் தபால்காரர்,
ஊத்தங்கரை வட்டம்.